வீட்டுக்காரருக்கு வலப்பக்கம் வராது, லண்டனுக்கு 14 மணி நேரம் எப்படி அழைத்துப் போவது?

செம்பனை_வீடு (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் மகள் லண்டனில் இருக்கிறாள். மார்ச் மாதம் அவளுக்குத் தலைப்பிரசவம். கூடப் போய் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அவருக்கு என்னைவிட ஆசை. ஆனால் வீட்டுக்காரருக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலமில்லாமல் போய்விட்டன. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோ செய்து, இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து குசினி வரை நடப்பார், இருபது அடி இருக்கும். அதற்கு மேல் போனால் வலது கால் இழுபடும், கட்டைவிரல் தரையில் தட்டும். இடப்பக்கம் கைப்பிடி இருந்தால் நல்ல நாளில் வாசல் படி இரண்டும் ஏறிவிடுவார். தூக்கம் கெட்ட நாளில் கட்டிலிலிருந்து எழவே நான் தோள் கொடுக்க வேண்டும். பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது.

முப்பது வருடம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். நீளக் கம்பில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்து, மேலே இருக்கும் குலையை ஒரே இழுப்பில் இறக்கிய கை அது. வீல்சேர் என்று நான் வாயெடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு விமானத்தில் கூச்சிங் போனோம். கவுண்டரில் "நடப்பாரா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் இவர் "நடப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள். விமானம் கட்டடத்தை ஒட்டி நிற்கவில்லை, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் மழைத் தூறலில் படிக்கட்டுக்கு முன்னால் இறக்கினார்கள். ஆறாவது படியில் கால் மேலே வரவில்லை. பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். ஒரு மலாய்ப் பையன், யாரென்றே தெரியாது, தன் பையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு இவருடைய இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து ஒவ்வொரு படியாகத் தூக்கிவிட்டான். இருக்கையில் உட்கார்ந்தபின் கூச்சிங் போய்ச் சேரும் வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்ததும் "இனி நான் எங்கேயும் வரவில்லை" என்றார். மகளுக்காக மட்டும்தான் இப்போது மனசு மாறியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நேர் விமானத்தில் போவது நல்லதா, டோஹா துபாய் என்று நடுவில் இறங்கிப் போவது நல்லதா? கழிவறைக்கு என்ன செய்வது? எந்த இருக்கை கேட்பது? எனக்கு 58 வயது, இடுப்பு வலி உண்டு, அவரைத் தனியாகத் தூக்க முடியாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

—

சித்தியவான்_காரன்

வணக்கம் அக்கா. என் மனைவிக்குப் பதினைந்து வருடமாக முடக்குவாதம், முட்டி இரண்டும் மடங்காது. மெல்பர்ன் இரண்டு முறை, லண்டன் ஒரு முறை அழைத்துப் போயிருக்கிறேன். கூச்சிங்கில் நடந்ததைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்களுக்கும் முதல் பயணத்தில் இதேதான் நடந்தது, காரணமும் இதேதான்.

விமான நிறுவனங்கள் வீல்சேர் உதவியை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், இருக்கைக்கும் போவார், தூரம் மட்டும் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை தானே நடந்து போவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் படிக்கட்டு வந்தால் உங்கள் பாடு. அண்ணனுக்கு நீங்கள் கேட்க வேண்டியது குறைந்தது இரண்டாவது வகை. 14 மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகு அவர் கால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் மூன்றாவது வகையே சரி என்பது என் எண்ணம். அவருடைய நல்ல நாளை மனதில் வைத்துச் சொல்லாதீர்கள் அக்கா, தூக்கம் கெட்ட நாளைச் சொல்லுங்கள். விமானத்தை விட்டு இறங்கும்போது அவர் அந்த நிலையில்தான் இருப்பார்.

டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிட்டு, கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் போன் போட்டு அந்த எழுத்துகள் பதிவில் இருக்கின்றனவா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த உதவிக்குக் காசு கிடையாது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளில் இது இருக்கிறது. லண்டனில் இந்த உதவியைச் செய்வது விமான நிலையத்தின் பொறுப்பு, 2006இல் ஐரோப்பாவில் வந்த சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. வரும்போதும் போகும்போதும் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும், திரும்பும் பயணத்தை மறந்துவிடாதீர்கள்.

நேர் விமானமா நடுவில் இறங்குவதா என்றால், நான் நேர் விமானம்தான் சொல்வேன். நடுவில் இறங்கினால் உட்காரும் நேரம் ஏழு ஏழாகப் பிரியும், உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் வீல்சேர் ஆள் வரும் வரை காத்திருந்து, கடைசியாக இறங்கி, பாதுகாப்புச் சோதனை இன்னொரு முறை, மறுபடி ஏறுவது. மாறி உட்காரும் ஒவ்வொரு முறையும் விழுந்துவிடும் பயம்தான். நாங்கள் ஒரு முறை ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் எடுத்துவிட்டு இரண்டாவது விமானத்தைக் கிட்டத்தட்டத் தவறவிட்டோம். நடுவில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மூன்று மணி நேரமாவது விட்டு எடுங்கள்.

—

ஓய்வுபெற்ற_தாதி (ஈப்போ)

தங்கச்சி, முதலில் டாக்டரிடம் போங்கள். பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, பெரும்பாலும் போகலாம் என்றுதான் சொல்வார், ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு நடப்பார் என்று. சில நிறுவனங்கள் மெடிஃப் என்ற படிவத்தை டாக்டர் கையால் நிரப்பித் தரச் சொல்லும், அதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும், அதுவும் அவருடைய வலது கால் தானாக அசையாத கால். அழுத்தக் காலுறை போடலாமா, எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், கடையில் கிடைப்பதை நீங்களாக வாங்கி மாட்டிவிடாதீர்கள், இரத்த ஓட்டம் சரியில்லாத காலுக்கு அது கெடுதல் செய்யும். ஒரு மணிக்கு ஒரு தரம் இடது காலை அவரே குதிகாலை ஊன்றி விரலைத் தூக்கி இறக்கட்டும். வலது காலுக்கு நீங்கள் குனிந்து பாதத்தைப் பிடித்து அதே மாதிரி மடக்கி நீட்டிவிடுங்கள், இருபது தடவை. இரத்தம் இளக்கும் மருந்து ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் அதை ஒரு வேளைகூடத் தவற விடக்கூடாது.

மருந்து முழுவதும் கைப்பையில், பெட்டியில் அல்ல. லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறுக்கு மேல் ஏழு மணி நேரம். அதாவது போகும் அன்று உங்களுக்கு ஒரு நாள் என்பது 32 மணி நேரமாக நீளும். ராத்திரி மாத்திரையை எப்போது கொடுப்பது என்று அங்கே போய்க் குழம்பாமல், மருந்தகத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் மலேசிய நேரம், லண்டன் நேரம் என்று இரண்டு வரிசையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிவறைப் பயத்தில் தண்ணீரை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஆண்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மூடி இறுகப் பூட்டும் சிறுநீர் பாட்டில் ஒன்று, ஒரு கைலி, அவ்வளவுதான். விளக்கு அணைந்தபின் இடுப்பில் கைலியைச் சுற்றி, அதற்கு மேல் விமானத்துப் போர்வை. உட்கார்ந்தபடியே வேலை முடிந்துவிடும், பக்கத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். கால்சட்டை இடுப்பில் இலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும், பெல்ட்டும் ஜிப்பும் வேண்டாம். உள்ளே பேம்பர்ஸ் ஒன்று பாதுகாப்புக்கு. இதை ஒரு வாரம் வீட்டில் குசினி நாற்காலியில் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள், முதல் முறையே விமானத்தில் என்றால் அவருக்கு வராது.

விமானப் பணிப்பெண்கள் சின்ன வீல்சேரில் கழிவறைக் கதவு வரை தள்ளிக்கொண்டு போவார்கள், ஆனால் தூக்கமாட்டார்கள், உள்ளே வந்து உதவவும் மாட்டார்கள். அந்தச் சின்ன வீல்சேர் விமானத்துக்குள் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது பக்கவாதம் வந்ததை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அந்தக் காப்புறுதி வெறும் காகிதம். இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லை, ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பார்வையாளரிடம் அவர்கள் கணக்கில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள்.

—

செம்பனை_வீடு (சுங்கை சிப்புட்)

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கைலி விஷயத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் "எந்தக் கைலியை எடுத்துப் போவது" என்று கேட்டார். அது எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி.

வீல்சேருக்குத்தான் இன்னும் சம்மதிக்கவில்லை. "ஊன்றுகோலோடு மெதுவாகப் போவோம், ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புவோம்" என்கிறார். மூன்றாவது வகை என்று நான் சொன்னபோது "என்னை மூட்டை மாதிரித் தூக்கிப் போடச் சொல்கிறாயா" என்று கோபப்பட்டார். நான் கட்டாயப்படுத்தினால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

—

லோரி_நாற்காலி

அக்கா, நான் 34 வயதுக்காரன், பீடோர் பக்கம். 22 வயதில் தோட்டத்து லோரி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து நாற்காலிதான். மாமாவிடம் இதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

மாமா, எனக்கும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) கூடப் போகமாட்டேன், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று. நாற்காலியில் உட்கார்ந்தால் நான் முடிந்துபோனவன் என்று ஆகிவிடும் என நினைத்தேன். ஒரு நாள் என் தாத்தா, அவர் பால் மரம் வெட்டியவர், என்னிடம் ஒன்று கேட்டார். மரம் உயரமாகிவிட்டால் ஏணி வைத்துத்தானே வெட்டினோம், ஏணி வைத்தவன் வெட்டத் தெரியாதவனா என்று. எனக்கு அது போதுமாக இருந்தது. உங்கள் இருபது அடி நடை இருக்கிறதே, அதை விமான நிலையத்தின் நீள நடைபாதையில் செலவழித்துவிடாதீர்கள். லண்டனில் மகள் வீட்டு வாசலில் இறங்கி, ஊன்றுகோலைப் பிடித்து, நீங்களே நடந்து உள்ளே போய்ப் பேரப்பிள்ளையைப் பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நாற்காலி சுமக்கட்டும்.

மூட்டை மாதிரி என்று சொன்னீர்கள். தூக்குகிறவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்காவிட்டால்தான் அப்படி. நான் எப்போதும் அவர்கள் கை வைப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுவேன். "நில்லுங்கள், என் வலது கையை இழுக்காதீர்கள், நான் மூன்று எண்ணுவேன், மூன்றில் எழுவோம்." எண்ணுவது நீங்களாக இருக்க வேண்டும் மாமா. மலாயிலும் ஆங்கிலத்திலும் அந்த மூன்று வரியைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பலமில்லாத கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும், அதைத் தாதி அம்மா எழுத மறந்துவிட்டார்கள் போல.

அக்கா, இருக்கை பற்றி. நடைவழி ஓரம்தான், ஆனால் எந்தப் பக்கத்து நடைவழி என்பதுதான் முக்கியம். அவருக்கு வலப்பக்கம் பலமில்லை. அதனால் உட்கார்ந்தால் நடைவழி அவருடைய இடது கைப்பக்கம் வர வேண்டும். நல்ல பக்கத்தைப் பார்த்து நகர்ந்து எழுவது சுலபம். இன்னொன்று, சாப்பாட்டு வண்டி உரசிக்கொண்டு போகும். உணர்வு குறைந்த கை அந்தப் பக்கம் தொங்கினால் இடித்தாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். வலப்பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அவசர வாசல் வரிசை நமக்குக் கொடுக்கமாட்டார்கள், அங்கே கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று கேட்டு அலையாதீர்கள்.

நடைவழி ஓரத்துக் கைப்பிடி தூக்க முடியாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல விமானங்களில் தூக்கலாம். கைப்பிடியின் அடியில், பின்பக்கம் முதுகுச் சாய்வை ஒட்டி விரலை விட்டுத் தடவினால் சின்னதாக ஒரு விசை தட்டுப்படும், அதை அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். அது உயர்ந்துவிட்டால் உடம்பைத் தூக்க வேண்டியதில்லை, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்துவிடலாம். எல்லா வரிசையிலும் இருக்காது, பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

சொந்த வீல்சேர் எடுத்துப் போனால் விமான வாசல் வரை அதிலேயே போகலாம், அங்கே சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது. கொடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், மெத்தையையும் கழற்றக்கூடிய கால் தாங்கியையும் கையோடு உள்ளே கொண்டுபோங்கள். இறங்கும் வாசலிலேயே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி வரும் இடத்துக்குப் போய்விடும். பேட்டரி நாற்காலி என்றால் அது வேறு கதை, லித்தியம் பேட்டரி எத்தனை வாட் மணி என்றெல்லாம் கேட்பார்கள். உங்களுக்குச் சாதாரண மடக்கு நாற்காலி போதும்.

—

சித்தியவான்_காரன்

தம்பி எழுதியதை என் மனைவிக்கும் வாசித்தேன். ஏணி விஷயம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

விட்டுப்போனது இரண்டு. லண்டன் விமானம் கேஎல்ஐஏவில் (கோலாலம்பூர் விமான நிலையத்தில்) தனியாக இருக்கும் சாட்டிலைட் கட்டடத்திலிருந்து கிளம்பும். அங்கே போகும் ஏரோட்ரெயின் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றுபோய் 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. எப்படிப் பார்த்தாலும் தூரம் அதிகம், ஊன்றுகோலில் ஆகாத காரியம். அப்புறம், 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்கள் இங்கிலாந்து போக இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் தனித்தனியாக.

—

கோலகங்சார்_ரோடு

நானும் சிப்புட்தான் அக்கா. சிப்புட் ஸ்டேசனில் ஈடிஎஸ் விரைவு ரயில் சிலது நிற்கும், ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால் கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம். அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சமூக நல இலாகாவில் எடுத்துவிடுங்கள், பக்கவாதத்தில் கை கால் பாதிக்கப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தப் பயணத்துக்கு நான் ரயில் சொல்லமாட்டேன், பெட்டிகளோடு கேஎல் சென்ட்ரலில் இறங்கி இன்னொரு ரயில் மாற வேண்டும். கார் எடுங்கள். கேஎல்ஐஏவுக்கு நான்கு மணி நேரம் வையுங்கள், தாப்பாவிலும் ஊலு பெர்ணாமிலும் நிறுத்துங்கள், இரண்டு இடத்திலும் ஓகேயூ கழிவறை இருக்கிறது. முடிந்தால் முதல் நாளே போய்ப் பக்கத்தில் ஓர் இரவு தங்குங்கள். நான்கு மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு அதே கால்களோடு 14 மணி நேரம் உட்கார வேண்டாம்.

—

செம்பனை_வீடு (சுங்கை சிப்புட்)

போய் வந்துவிட்டோம். பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம். கேட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம், ஆறு வாரம் அங்கேயே இருந்தோம்.

தம்பி எழுதியதை நான் வாசித்துக் காட்டவில்லை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்றைத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேஎல்ஐஏவில் மூன்றாவது வகைதான் பதிவாகியிருந்தது. விமான வாசலில் அந்தச் சின்ன நாற்காலியைக் கொண்டுவந்தார்கள், அகலம் என் இரண்டு சாண்தான் இருக்கும், நெஞ்சுக்கும் காலுக்கும் பட்டை கட்டினார்கள். அந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் இரண்டு பையன்களும் கையை நீட்டியதுமே "நந்தி டூலு" (கொஞ்சம் பொறுங்கள்) என்று சொல்லிவிட்டு, வலது கையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவரே எண்ணினார். மூன்றில் எழுந்தார். அதில் ஒரு பையன் "பாகுஸ் (பிரமாதம்), அங்கிள்" என்றான். எல்லாருக்கும் முன்னாலேயே ஏற்றிவிட்டதால் எங்களை நின்று பார்க்க யாரும் இல்லை.

கைப்பிடி விசையைப் பணிப்பெண்ணுக்கே இவர்தான் காட்டிக் கொடுத்தார். கைலி மூன்று முறை உதவியது. கழிவறைக்கு ஒரே ஒரு முறை போனோம், கதவு வரை அவர்கள் தள்ளினார்கள், உள்ளே நான். இடம் போதவில்லை, கதவை முழுதாகச் சாத்த முடியவில்லை, பணிப்பெண் திரையை இழுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

லண்டனில் இறங்கியபோது வீல்சேர் ஆள் வர முக்கால் மணி நேரம் ஆனது, விமானத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் வெளியே அவள் பதறியிருக்கமாட்டாள். திரும்பும் பயணத்துக்கான பதிவு முதல் வகையாகத்தான் இருந்தது, அண்ணன் சொன்னபடி போன் போட்டு வாசிக்கச் சொன்னதால்தான் தெரிந்தது. மகள் பேசி மாற்றினாள்.

மகள் வீட்டு வாசலில் ஒரு படி. மருமகன் நாற்காலியைத் தூக்க வந்தார். இவர் வேண்டாம் என்று ஊன்றுகோலைக் கேட்டார். வாசலிலிருந்து சோபா வரை பதினோரு அடி, நான் எண்ணினேன்.

இன்னொன்று, ஊன்றுகோலின் அடியில் இருக்கும் இரப்பர் மூடி ஒன்று வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அது இல்லாமல் கோல் வழுக்குகிறது, அங்கே அதே அளவு தேடி இரண்டு நாள் அலைந்தோம். இங்கே மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், கிளம்புகிறவர்கள் நான்கையும் புதிதாக மாற்றிவிட்டுக் கூடுதலாக இரண்டு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.